நொச்சித் திட்டுக்கு வந்தவர்கள்

கூட்டம் எனக்கு என்றைக்குமே ஒத்துவராது, சார். கிறிஸ்துமஸ் துணியைக்கூட ஆனி மாதமே மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய் எடுத்து வைத்துவிடுவேன். ஆடி பிறந்துவிட்டால் தள்ளுபடி என்று ஊரே அங்கே வந்து நிற்கும். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். ஆனியில் போனால் கடைக்காரர் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிதானமாகச் சேலையைப் பிரித்துக் காட்டுவார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த அறையில் ஆள் அதிகம். நீங்களும், எழுதிக்கொள்கிற அந்தப் பெண் தமிழ்மணியும் இருந்தால் போதும். மற்றவர்கள் வெளியே நிற்கட்டும்.

நன்றி. இப்போது பேசலாம்.

என் பெயர் அக்னஸ். மேலப்புதூரில் தனியாக இருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். காணும் பொங்கலன்று கொள்ளிடத்தில் ருக்ஸார் என்கிற எட்டு வயதுக் குழந்தை மூழ்கி இறந்துபோனதே, அந்த விஷயமாக வந்திருக்கிறேன். அஜித் என்ற பையனைப் பிடித்துச் சிறையில் வைத்திருக்கிறீர்கள். அவன் என் பழைய மாணவன். அவன்மேல் தப்பில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும், அமிர்தராஜ் சார். பாதி வகுப்பில் நுழைகிறவனுக்குப் பாடம் புரிந்து நான் பார்த்ததில்லை.

நொச்சித் திட்டு என்று இன்றைக்கு எல்லாரும் வாய் நிறையச் சொல்கிறார்கள். முக்கொம்பிலிருந்து கிழக்கே, ஸ்ரீரங்கம் வருகிற வழியில், கொள்ளிடத்துக்கு நடுவே கிடக்கிற மணல் மேடு அது. நான் முதன்முதலில் போனபோது அதற்குப் பெயரே கிடையாது. கரையோரத்து ஊரில் காளியாயி என்று ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன். "அந்தாண்ட திட்டுதாங்க. நொச்சிக் காடு. அங்க யாரு போவா?" என்றாள். நொச்சித் திட்டு என்று நான் எழுத ஆரம்பித்தேன். அதுவே நிலைத்துவிட்டது.

நொச்சிக்குப் பின்னால் முப்பது நாற்பது கருவேல மரங்கள். மார்கழியில் நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும். பங்குனி முடிவதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும். அந்த நாளில் வருடம் முழுக்க அங்கே வருகிறவர்களை ஒரு மினி பஸ்ஸில் அடக்கிவிடலாம். எல்லாரும் என் மாணவர்கள். பேசாதே என்றால் பேசமாட்டார்கள். வெள்ளைச் சட்டை போடாதே என்றால் போடமாட்டார்கள்.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். அந்த இடத்தைக் காப்பாற்றவேண்டும், பாரம்பரியத் தலமாக அறிவிக்கவேண்டும் என்று மனுமேல் மனுவாகப் போட்டேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். கடைசியில் அறிவித்தார்கள். பச்சைப் பலகை ஒன்றை நட்டு, அதில் நாரை படம் போட்டார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் முதல் கூட்டம் வந்தது. மரத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பஸ் கூட்டம் என்று ஆனது. புளிசாதப் பொட்டலமும் ஸ்பீக்கரும் வந்து சேர்ந்தன.

கொரோனா வந்ததும் எல்லாம் நின்றது. பறவைக் கணக்கு எடுக்கவேண்டும் என்று நான் மட்டும் பாஸ் வாங்கிக்கொண்டு போய்வந்தேன். அந்த இரண்டு வருடமும் என் தலைக்கு எட்டுகிற கிளையில்கூட நாரைகள் கூடு வைத்திருந்தன. இரண்டாவது அலையில் என் அக்கா இருதயமேரி இறந்தாள். அடக்கத்துக்கு நாலு பேருக்கு மேல் வரக்கூடாது என்றார்கள். அது எனக்கு நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அடுத்த வாரம் திட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். உலகத்தை யாரோ கூட்டிப் பெருக்கி வைத்ததுபோல் இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள், அக்காமேல் எனக்குப் பாசம் உண்டு.

அஜித் அதற்குப் பிறகு வந்தவன். வந்தவன் என்றால், என்னிடம் எம்.எஸ்சி. படித்தவன்தான். அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் ஃபேக்டரித் தொழிலாளி. பையனுக்கு வேலை கிடைக்கவில்லை. பறவை நடை என்று ஒன்றை ஆரம்பித்து, ஃபோனில் வீடியோ போட்டு, குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனான். காணும் பொங்கலுக்கு முக்கொம்பில் கால் வைக்க இடமில்லாதவர்கள் எல்லாம் இங்கே வர ஆரம்பித்தார்கள். குழந்தைகளுக்கு இரண்டு அட்டைக் குழலை ஒட்டி, கழுத்தில் மாட்ட நாடா கட்டி, பைனாகுலர் என்று கொடுப்பான். அதை வைத்துப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. குழந்தைகளுக்கு அது போதுமாக இருந்தது.

நான் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை.

"மேடம், முன்னாடி ஊர்ப் பசங்க மரத்துல ஏறி குஞ்சு புடிப்பாங்கல்ல? இப்ப அவனுங்களே காவல் காக்குறாங்க. ஆளுங்க வர ஆரம்பிச்சப்புறம் கூடு கூடியிருக்கு மேடம். எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"நீ எண்ணினது தப்பு" என்றேன்.

அவன் சிரித்தான். பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் சிலர் இருந்தார்கள். "நீங்க வந்தாலும் அதுங்க எந்திரிச்சுப் பறக்குது மேடம். நாரைக்குத் தெரியுமா நீங்க ப்ரொஃபசர்னு? நீங்களும் ஒரு விசிட்டர்தான்" என்றான். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொன்னதுதானே. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை. அன்றைக்குப் பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி மஞ்சள் சுடிதார்.

இப்போது கழி விஷயம். நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்ரீரங்கம் கரையிலிருந்து மணலில் இறங்கி நடந்தால், திட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஓட்டம் தண்ணீர். தை மாதத்தில் முட்டியளவுதான். ஆனால் நடுவே மணல் அள்ளிய பள்ளம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒரே நிறமாகத் தெரியும். அதனால் பள்ளத்தை ஒதுக்கி, மேடான வழி நெடுக மூங்கில் கழி நட்டு, தலையில் சிவப்புத் துணி கட்டுவோம். ஒவ்வொரு கழியையும் கையால் தொட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். தொடாமல் ஓர் அடி வைக்கக்கூடாது. முதலில் ஒருவர் ஆழம் பார்த்துக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்து கையைத் தூக்குவார். தூக்கினால் பாதை சரி, வரலாம் என்று அர்த்தம். இதெல்லாம் என் மாணவர்களுக்காக நான் போட்ட விதிகள். அஜித் என்னிடம் கற்றுக்கொண்டதை ஓர் எழுத்து மாற்றாமல் செய்துவந்தான். தினமும் அவனே முதலில் இறங்கி ஆழம் பார்ப்பான்.

காணும் பொங்கலன்று விடியற்காலையில் நான் போனேன். என் கைத்தடியால் பார்த்துப் பார்த்து இறங்கி, நடுவில் இருந்த மூன்று கழிகளை மட்டும் பிடுங்கிப் பள்ளத்தின் சரிவில் நட்டேன். ஈர மணலில் அது பெரிய வேலை இல்லை. கழியை அசைத்து அசைத்துச் செருகினால் தானாக நிற்கும். பிறகு திட்டுக்குப் போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டேன். குஞ்சுகள் அப்போதுதான் கத்த ஆரம்பித்திருந்தன.

யாருக்கும் எதுவும் ஆகவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை, சார். ஒருவருக்கு ஆனால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு சாவு விழுந்தால் அந்த இடத்துக்கு ஜனங்கள் பத்து வருடம் வரமாட்டார்கள். சாவு விழுந்த கிணற்றில் யாராவது தண்ணீர் எடுக்கிறார்களா? அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வெயில் ஏறியதும் அஜித் கூட்டத்தோடு வந்தான். அதுவரை அவன் கூட்டி வந்ததில் அதுதான் பெரிய கூட்டம். வழக்கம்போல் தடியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனான். அப்போது அக்கரையில் என்னைப் பார்த்துவிட்டான். மேடம் கடந்து போயிருக்கிறார்கள் என்று அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். நான் கையைத் தூக்கினேன்.

அவன் தடியைக் கீழே போட்டுவிட்டு, பின்னால் ஒரு முதியவரைக் கைத்தாங்கலாக இறக்கப் போனான். அதற்குள் அந்தக் குழந்தை முதல் ஆளாக இறங்கிவிட்டது. பச்சைப் பாவாடை, கழுத்தில் அட்டை பைனாகுலர். அம்மா ஷரபுன்னிசா கரையிலிருந்து, "ருக்ஸார், மெதுவாப் போம்மா. கழியத் தொட்டுத் தொட்டுப் போ" என்று சொல்வது எனக்கே கேட்டது. குழந்தை சொன்னபடிதான் செய்தது. ஒரு கழியைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது, சரியாகச் செய்கிறேனா என்பதுபோல். நான் கையை இறக்கவில்லை. என் வகுப்பில் இருந்திருந்தால் நன்றாகப் படித்திருக்கும்.

நடுக் கழியைத் தொட்டதும் காலடி மணல் சரிந்தது. அவ்வளவுதான். பெரிதாகச் சத்தம் எதுவும் இல்லை. அஜித் குதித்தான். மூன்று நான்கு முறை முங்கி எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தினான். யாரோ பைக்கைக் கிளப்பினார்கள். எல்லாரும் அலறிக்கொண்டு கரைப் பக்கம் ஓடினார்கள். தண்ணீரில் யாரும் இல்லை. நான் இறங்கி, மூன்று கழிகளையும் பழைய இடத்தில் நட்டேன். அட்டைக் குழல் ஊறி மிதந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். குப்பையை ஆற்றில் விடுவது எனக்குப் பிடிக்காது. இதோ, இதுதான். நாடா இன்னும் நன்றாக இருக்கிறது.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது கழிகள் ஒழுங்காக இருந்தன. குழந்தை கழியைத் தொட்டுத்தான் போனது என்று அதன் அம்மா அழுதுகொண்டே சொன்னது எடுபடவில்லை. அதனால் அஜித்தான் கவனிக்காமல் குழந்தையை வழி தவற விட்டான் என்று முடிவு செய்தீர்கள். அனுமதி இல்லாமல் கூட்டம் சேர்த்தான் என்று அதையும் சேர்த்துப் பெரிய பிரிவாகப் போட்டீர்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

மறு வாரம் அவன் மனைவி சுபலட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதம். வளைகாப்பைத் தள்ளிவைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரமாட்டேன் என்றாள்.

"அவரு கழியத் தாண்டி யாரையும் விடமாட்டாருங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா? நீங்க அந்தாண்டதான் இருந்தீங்களாம். புள்ள கழியத் தொட்டுக்கிட்டுத்தான் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுங்க. ஜாமீனாவது கெடைக்கும்."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா" என்றேன்.

அக்கரை மரத்தில் இருக்கிற நாரையின் அலகை வைத்து அது இளசா முதிர்ந்ததா என்று நான் சொல்லிவிடுவேன். அது அவளுக்கும் தெரியும். அவள் கல்யாணத்துக்கு முன்னால் அஜித்தோடு ஒருதரம் திட்டுக்கு வந்திருக்கிறாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சரிங்க மேடம், போயிட்டு வரேன்" என்றாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

அஜித்தையும் ஒரு நாள் சிறையில் போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தான். அன்றைக்கு நான் கை தூக்கியதை அவன் உங்களிடம் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா?

"உங்களையும் இதுல இழுத்துருவாங்க மேடம், அதான் சொல்லல" என்றான். "நீங்க கை காட்டுனாலும் நான் எறங்கி ஆழம் பாத்திருக்கணும். தப்பு என்னுதுதான். நான்தான் மேடம் அந்தப் புள்ளையக் கொன்னுட்டேன். கண்ண மூடுனா கழியத் தொடுற அந்தக் கைதான் தெரியுது."

"பரவாயில்லை, மனசைத் தளர விடாதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். படிக்கிற காலத்தில்கூட இவ்வளவு பணிவாக இருந்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். மாசி முழுக்கத் திட்டு காலியாகக் கிடக்கும் என்று நம்பிப் போனேன். கரையில் வண்டி நிறுத்த இடமில்லை. ஃபோனில் பார்த்துவிட்டு வந்த கூட்டம். சுண்டல்காரன் வந்துவிட்டான், பலூன் வந்துவிட்டது. குழந்தையின் படம் போட்டு யாரோ ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள், அதற்குக் கீழே கட்டியவரின் படம் அதைவிடப் பெரிதாக. காளியாயி கிழவியாகிவிட்டாள், ஆனாலும் அங்கேதான் ஆடு மேய்க்கிறாள். போகிறவர்களெல்லாம் அவளை நிறுத்தி, "எந்த எடம் பாட்டி, எந்த எடம்?" என்கிறார்கள். "எத்தன பேருக்குடா காட்டுறது? செத்த புள்ளய வேடிக்க பாக்க வந்துட்டானுங்க, த்தூ" என்று அவள் காறித் துப்பினாள். ஒருவர் தன் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துப் பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பலகை வைத்தபோதுகூட இத்தனை பேர் வந்ததில்லை.

எனக்கு வயிறு எரிந்தது, சார். மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தக் குழந்தை போனது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அது போயும் ஒரு பிரயோஜனமும் இல்லையே என்பதுதான் வலித்தது.

வனக்காவலர் தர்மராஜ் வேறு என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "இந்த வருசம் கூடு ஜாஸ்தி மேடம். போன வருசத்த விட நல்லாவே கூடியிருக்கு" என்றார். அவருக்கு எண்ணத் தெரியாது. அவர் சொல்வதை எதிலும் சேர்க்கவேண்டாம்.

அப்படியும் பேசாமல்தான் இருந்தேன். நான் உண்மையைச் சொன்னால் அஜித் வெளியே வந்துவிடுவான், வந்தால் திரும்பவும் ஆட்களைக் கூட்டி வருவான் என்று ஒரு யோசனை. போன வாரம் பேப்பரில் செய்தி பார்த்தேன். விபத்து நடந்த இடம் என்பதால், பொதுமக்கள் பாதுகாப்பாகப் போய்வர நொச்சித் திட்டுக்கு இரும்பு நடைபாலம் கட்டப்போகிறார்களாம். வருடம் முழுக்கப் போகலாமாம். சக்கர நாற்காலிகூடப் போகுமாம்.

இது தவக்காலம். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லையா என்று பக்கத்து வீட்டு லிசி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஃபாதரால் பாலத்தை நிறுத்த முடியாது. அதனால் உங்களிடம் வந்தேன்.

யோசித்துப் பாருங்கள். நடந்தது விபத்தே இல்லை. பாதையில் கோளாறு இல்லை, ஆற்றில் கோளாறு இல்லை, கழிகள் வருடக்கணக்காக ஒருவரைக்கூடக் கைவிட்டதில்லை. நான் மூன்று கழிகளை மாற்றி நட்டு, கையைத் தூக்கி, அந்தக் குழந்தையைக் கொன்றேன். எனவே பாலத்துக்கு அவசியமே இல்லை. இதை நீங்கள் மேலே எழுதவேண்டும். கொலை நடந்த இடம் என்று சொல்லிக் குறைந்தது பங்குனி வரைக்கும் கயிறு கட்டி அடைத்துவைக்கவேண்டும். அஜித்தை விடுவதும் விடாததும் உங்கள் பாடு.

அடையாளம் காட்ட நாளைக்கு என்னை அங்கே கூட்டிப் போவீர்கள் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் போகலாம். ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டு, போலீஸ்காரர்கள் எல்லாரும் கரையிலேயே இருக்கட்டும். நான் மட்டும் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். தனியாகப் போனால் பறவைகள் எழுந்திருக்காது.

எழுதியது வரைக்கும் படிம்மா, தமிழ்மணி. ம். ம். இரு. அந்த வரியைத் திரும்பப் படி. "அன்று காலை திட்டில் இருந்த பார்வையாளரான அக்னஸ் என்பவர்." அதை அடித்துவிடு. குழந்தையைக் கொன்றவர் என்று போடு, எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. பார்வையாளர் என்று போடாதே.